திடகாத்திரமான உடம்புக்கும் டெங்கு ஏன் வருகிறது?

கேள்வி: என் மகனுக்கு 22 வயது. தினமும் கால்பந்து ஆடுவான், நன்றாகச் சாப்பிடுவான். போன வருடம் டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். எதிர்ப்பு சக்தி குறைவுதான் காரணமா? மழைக்காலத்துக்கு முன்பே சத்து மாத்திரை கொடுக்கலாமா?

பதில்: உங்கள் மகனின் எதிர்ப்பு சக்தியைக் குறை சொல்ல வேண்டாம். அதை ஏமாற்றுவதில் டெங்கு வைரஸ் கைதேர்ந்தது.

வைரஸ் நுழைந்த செல், இன்டர்ஃபெரான் என்ற புரதத்தை வெளியிட்டு அக்கம்பக்கத்துச் செல்களை எச்சரிக்கும். அந்தச் செல்களுக்குள் ஸ்டாட்-2 என்ற புரதம் செய்தியை உட்கருவரை கொண்டுபோய், நூற்றுக்கணக்கான தற்காப்பு மரபணுக்களை முடுக்கிவிடும். டெங்கு கைவைப்பது இங்கேதான். அதன் என்எஸ்5 புரதம் ஸ்டாட்-2ஐப் பிடித்து, செல்லின் சொந்தக் கழிவகற்றும் ஏற்பாட்டைக் கொண்டே அதை அழித்துவிடுகிறது. போதாததற்கு, செல்லின் உள்சவ்வுகளில் சிறு பைகளை உண்டாக்கி, காவல் புரதங்களின் கண்ணில் படாமல் அதற்குள் தன் மரபுப்பொருளான ஆர்என்ஏவை நகலெடுத்துக்கொள்கிறது.

எலியின் ஸ்டாட்-2ஐ என்எஸ்5ஆல் அழிக்க முடியாது. சாதாரண ஆய்வக எலிகளுக்கு டெங்கு எளிதில் வராததற்கு அது ஒரு முக்கியக் காரணம். இன்டர்ஃபெரானை உணரவே முடியாதபடி மரபணு மாற்றிய எலிகளை வைத்துத்தான் பெரும்பாலும் ஆராய்கிறார்கள்.

சரி, மாத்திரை? அதனால் இன்டர்ஃபெரான் கூடுகிறது என்றே வைத்துக்கொள்வோம். தொற்றிய செல்லில் அந்தச் செய்தியைச் சுமக்கும் புரதம்தான் இல்லையே. டெங்குவைத் தடுப்பதாக நிரூபிக்கப்பட்ட சத்து மாத்திரை எதுவும் கிடையாது. அந்தப் பணத்தைக் கொசுவலைக்கும் ஜன்னல் வலைக்கும் செலவிடுங்கள்.

உங்கள் மகன் விஷயத்தில் இன்னொன்றும் இருக்கிறது. டெங்குவில் 4 வகைகள். ஒருமுறை வந்த வகை பெரும்பாலும் திரும்ப வராது. ஆனால் வேறு வகை தொற்றினால், பழைய எதிர்ப்புப் பொருள் அதை ஒழிக்காமல் வெள்ளணுக்களுக்குள் கொண்டுசேர்த்து, அங்கே பெருகவிட்டுவிடலாம். அதனால் இரண்டாம் முறை ஆபத்து கூடுதல். அடுத்த தடவை காய்ச்சல் வந்தால் முதல் 5 நாளுக்குள் டெங்குவைக் கண்டறியும் என்எஸ்1 ரத்தப் பரிசோதனை செய்யுங்கள், பழைய டெங்குவை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும். ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின், வலி ஊசி எதுவும் வேண்டாம். காய்ச்சல் இறங்கியதும் நிம்மதியாகிவிடாதீர்கள். அடுத்த 2 நாள்தான் கவனிக்க வேண்டிய நேரம். வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், அசதி என்று எது தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

அப்புறம், டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிக்கும். அதன் முட்டை பாத்திரத்தின் சுவரில் ஒட்டிக்கொண்டு, தண்ணீர் இல்லாமலும் மாதக்கணக்கில் தாங்கும். எனவே தொட்டி, வாளி, ஃபிரிட்ஜுக்குப் பின்னால் உள்ள தட்டு எல்லாவற்றையும் வாரம் ஒருமுறை கொட்டினால் மட்டும் போதாது, உள்பக்கச் சுவரை நார் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும்.