1553 பஸ்ஸில் கப்ளர் எதற்கு? வயரை நேராகவே இணைத்தால் என்ன?

சேலத்தில் ஈசிஇ மூன்றாம் வருடம் படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "போர் விமானத்தில் ஓடும் 1553 டேட்டா பஸ்ஸில் ஒவ்வொரு கருவிக்கும் நடுவில் ஒரு கப்ளர் வைக்கிறார்கள். விலையும் அதிகம், எடையும் கூடுது. வயரை நேராக ஒட்டுப் போட்டால் வேலை செய்யாதா? இதைக் கற்றுக்கொண்டால் நம்ம ஊரில் வேலை கிடைக்குமா?"

நேராக ஒட்டுப் போட்டாலும் டேபிள் மேலே வேலை செய்யும் தம்பி. அதுதான் ஆபத்தே.

பதினோரு வருடம் பெங்களூரில் கேபிள் ஹார்னஸ், அதாவது கனெக்டரோடு கட்டிய வயர்த் தொகுப்பு, செய்தேன். இப்போது கருப்பூர் பக்கம் சின்னதாக ஒரு பட்டறை வைத்திருக்கிறேன். இந்த வேலையில் எனக்கு அதிகமாகக் கற்றுக்கொடுத்தது கப்ளர்தான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

விமானத்தின் கருவிகள் எல்லாம் ஒரே பொது வயரில் (அதுதான் பஸ்) பேசிக்கொள்வதற்கான அமெரிக்க ராணுவ விதிமுறைதான் மில்-ஸ்டாண்டர்டு-1553. முதலில் 1973-இல் வந்தது. இன்று எல்லோரும் பயன்படுத்தும் 'பி' பதிப்பு 1978-இல் வந்தது. நம்ம தேஜஸிலும் 1553பிதான். ஒரே ஒரு ஜோடி முறுக்கு வயர், மேலே ஷீல்டு. அதில் ஒரு கன்ட்ரோலர், அதிகபட்சம் 31 டெர்மினல்கள் (பஸ்ஸில் பேசும் கருவிகள்), நொடிக்கு பத்து லட்சம் பிட். கன்ட்ரோலர் கேட்காமல் எந்த டெர்மினலும் வாய் திறக்காது. ஒன்று அறுந்தால் இன்னொன்று இருக்கட்டும் என்று பெரும்பாலும் இரண்டு பஸ் ஓட்டுவார்கள்.

எல்லா கருவியும் ஒரே ஜோடி வயரில் தொங்குகின்றன. அதில் ஒரு கருவிக்குப் போகும் கிளை வயர், அதாவது ஸ்டப், எங்கேயோ உராய்ந்து ஷார்ட் ஆகிறது என்று வையுங்கள். நேராக ஒட்டியிருந்தால் மெயின் பஸ்ஸே ஷார்ட். ஒரு பெட்டிக்கு வந்த கேடு மொத்த விமானத்தையும் ஊமையாக்கிவிடும். கப்ளர் இருந்தால் அப்படி ஆகாது. உள்ளே ஒரு சின்ன ட்ரான்ஸ்ஃபார்மர், பஸ் பக்கம் இரண்டு கால்களிலும் ஒவ்வொரு ரெசிஸ்டர். ரெசிஸ்டரின் மதிப்பு கேபிளின் இம்பீடன்ஸில் (ஓடும் சிக்னலுக்குக் கேபிள் காட்டும் எதிர்ப்பு) முக்கால் பங்கு. 78 ஓம் கேபிள் என்றால் 58.5 ஓம். ஸ்டப் முழுசாக ஷார்ட் ஆனாலும் பஸ்ஸின் கண்ணுக்கு இரண்டு ரெசிஸ்டரும் சேர்ந்து 117 ஓம்தான் தெரியும். சிக்னல் கொஞ்சம் இளைக்கும், சாகாது. மற்ற கருவிகள் தொடர்ந்து பேசும்.

ட்ரான்ஸ்ஃபார்மரின் சுற்று விகிதம் 1:1.41, அதிகச் சுற்று ரெசிஸ்டர் பக்கம். அது ஏன் 1.41 என்று எனக்கு ரொம்ப நாள் புரியவில்லை. ஸ்டப் பக்கமிருந்து பஸ்ஸைப் பாருங்கள். இருபுறமும் ஓடும் பஸ் சேர்ந்து 39 ஓம், இரண்டு ரெசிஸ்டரும் 117 ஓம், ஆக 156. விகிதம் 1.41, அதன் வர்க்கம் 2. 156-ஐ 2-ஆல் வகுத்தால் 78. கேபிளின் இம்பீடன்ஸ் அப்படியே வந்து நிற்கிறது! ஸ்டப்பில் இறங்கும் சிக்னல் கிணற்றுக்குள் கூப்பிட்ட குரல் மாதிரி திரும்பி வராது. அதனால்தான் கப்ளர் போட்ட ஸ்டப் 20 அடி வரை போகலாம், நேராக ஒட்டினால் 1 அடிதான். நேராக ஒட்டுவதை முடிந்தவரை தவிர்க்கச் சொல்லி ஸ்டாண்டர்டே சொல்கிறது. இந்தக் கணக்கை ஒரு முறை தாளில் போட்டுப் பாருங்கள். போட்ட அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

இனி எங்கள் பட்டறையில் நடந்தது. எட்டு ஸ்டப் உள்ள டெஸ்ட் ஹார்னஸ் ஒன்று, மறுநாள் காலை அனுப்ப வேண்டும். ஏழு டெர்மினல் பதில் சொல்கிறது, ஒன்று மட்டும் மௌனம். பெட்டியை மாற்றினோம், கப்ளரை மாற்றினோம், அப்படியேதான் இருந்தது. வேலை பழகும் பையன் மல்டிமீட்டரை வைத்துவிட்டு, "ண்ணா, பீப் வருதுங்ணா, வயர் சரியாத்தான் இருக்கு" என்றான்.

பீப் வரத்தான் செய்யும். ஸ்டப்பின் இரண்டு வயருக்கும் நடுவில் இருப்பது கப்ளரின் ட்ரான்ஸ்ஃபார்மர் சுருள். டிசிக்கு அது சில ஓம்தான். எந்த வயர் எங்கே போகிறது என்று அந்த பீப் சொல்லவே சொல்லாது. ஸ்கோப்பை வைத்துப் பார்த்தோம். கட்டளை வார்த்தையின் தொடக்கத்தில் வரும் அடையாளத் துடிப்பான சிங்க் மேலே ஏறி அப்புறம் கீழே இறங்க வேண்டும். இங்கே கீழே போய் மேலே வந்தது. கனெக்டரைப் பிரித்தால், நடு பின்னில் இருக்க வேண்டிய நீல வயர் வளையத்தில், வளையத்து வெள்ளை நடுவில். தலைகீழான கட்டளை சிங்கும் டேட்டா சிங்கும் உருவத்தில் ஒன்றே. பாவம், அந்த டெர்மினலுக்குத் தன்னைக் கூப்பிட்டதே தெரியவில்லை.

அன்றிலிருந்து கப்ளரைக் கழற்றி வைத்துவிட்டு, கேபிளின் இரு முனையிலும் பின்னுக்குப் பின் டெஸ்ட் செய்யாமல் எதையும் வெளியே விடுவதில்லை. இன்னொன்று: இரு கோடியிலும் டெர்மினேட்டர், அதாவது முனையை மூடும் 78 ஓம் ரெசிஸ்டர், போட்ட வெறும் பஸ்ஸில் மீட்டர் 39 ஓம் காட்டும், ஒன்று விட்டுப்போனால் 78. ஆனால் கப்ளர்கள் ஏறிவிட்டால் ஒவ்வொன்றும் டிசிக்கு 117-க்குக் கொஞ்சம் மேலே குறுக்கே நிற்கும். இரண்டு கப்ளருக்கே 24 ஓம் பக்கம் இறங்கிவிடும். அதைப் பார்த்து ஷார்ட் என்று பயந்து நல்ல ஹார்னஸை வெட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதேபோல, பயன்படுத்தாத ஸ்டப் வாய்க்கு டெர்மினேட்டர் போடாதீர்கள். மூடி போதும். டெர்மினேட்டர் பஸ்ஸின் இரு கோடிக்கு மட்டும்.

வேலை விஷயம். தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் சென்னை, கோவை, ஓசூர், திருச்சியோடு சேலமும் இருக்கிறது. 2019 ஜனவரியில் தொடங்கி வைத்தார்கள். அதை மட்டும் நம்பி உட்கார வேண்டாம். கையைப் பழக்குங்கள். எங்கள் வீடு செவ்வாய்ப்பேட்டையில், அப்பா வெள்ளிக் கொலுசுக்குப் பொடி வைத்து ஊதிப் பற்றவைக்கிறவர். ஷீல்டின் வெள்ளி முலாம் பூசிய செம்புப் பின்னலை முதன்முதலில் பிரித்தபோது என் விரலுக்கு அது புதிதாக இல்லை. ஒரு இழைகூட வெட்டுப்படாமல் மேலுறையை உரிக்க வேண்டும், ஷீல்டைச் சுற்றிலும் முழு வட்டமாக கனெக்டர் உடலோடு பிடிக்க வைக்க வேண்டும். வால் மாதிரி முறுக்கி ஒரு புள்ளியில் பற்றவைத்தால் இரைச்சல் உள்ளே வரும்.

இரண்டு 78 ஓம் ரெசிஸ்டர், ஐந்து மீட்டர் ஷீல்டு முறுக்கு கேபிள், ஒரு பழைய கப்ளர் கிடைத்தால் வீட்டிலேயே ஆரம்பிக்கலாம். கப்ளர் கிடைக்கவில்லை என்றால் கமென்ட்டில் கேளுங்கள். பட்டறையில் வாய் தேய்ந்த இரண்டு மூன்று சும்மா கிடக்கின்றன, ஒன்று தருகிறேன்.