கர்ப்பத்துல அம்மா உடம்பு, பின்னாடி பிள்ளையோட இதயம்: கேள்வி பதில்

வணக்கம். பிரசவ வார்டுல ரொம்ப வருஷம் நர்ஸா இருந்தேன், இப்ப கர்ப்பிணிகளுக்கு ஆலோசனை சொல்ற வேலை. டாக்டர் கிடையாது, அதனால மாத்திரை டோஸ் மட்டும் என்கிட்ட கேக்காதீங்க. மத்ததெல்லாம் கேளுங்க.

கேள்வி: அக்கா, வயித்துல இருந்த பத்து மாசத்துக்கும் அம்பது வயசுல வர்ற ஹார்ட் அட்டாக்குக்கும் என்ன சம்பந்தம்? நம்புற மாதிரியே இல்லையே.

பதில்: ஆரம்பத்துல நிறைய டாக்டர்களே நம்பலப்பா. இங்கிலாந்துல டேவிட் பார்க்கர்னு ஒருத்தர், ஹார்ட்ஃபோர்ட்ஷயர் பகுதியில 1911ல இருந்து நர்ஸுங்க எழுதி வச்சிருந்த பழைய லெட்ஜரை தேடிப் பிடிச்சார், பிறந்தப்ப எவ்வளவு எடை, ஒரு வயசுல எவ்வளவு எடைன்னு எல்லாம் அதுல இருக்கு. அந்தக் குழந்தைங்க வளந்து எதனால செத்தாங்கன்னு ஒவ்வொண்ணா பாத்து 1989ல வெளியிட்டார். சின்னதுல எடை குறைஞ்சு இருந்தவங்கதான் இதய நோயால அதிகமா இறந்திருந்தாங்க. (வார்டுல கேஸ் ஷீட்டை கிறுக்கி வச்சா நான் ஏன் அப்படி கத்துவேன்னு இப்ப புரியுதா?)

காரணம் என்னன்னா, உள்ள சத்து பத்தலைன்னா குழந்தை மூளைக்கு முதல்ல அனுப்பிட்டு மத்த இடத்துல சிக்கனம் பிடிக்கும். சிறுநீரகத்துல வடிகட்டுற நெஃப்ரான் எத்தனைங்கறது கர்ப்பத்தோட 36 வாரம் வாக்குல முடிவாயிடுது, அப்புறம் புதுசா வராது, கம்மியா இருந்தா வயசான பிறகு பிபி ஏறும். இதயத் தசை செல்லும் ஏறக்குறைய அதே கதைதான், பிறந்த பிறகு செல் பெருசாகுமே தவிர எண்ணிக்கை பெருசா கூடாது.

கேள்வி: என் பொண்ணு 3 கிலோ பிறந்தா. அப்ப கவலையில்லைதானே?

பதில்: பெரும்பாலும் ஆமா, ஆனா எடை மட்டும் முழு கதை சொல்லாது. 1944-45 குளிர்காலத்துல நெதர்லாந்துல பெரிய பஞ்சம். கர்ப்பத்தோட முதல் மாசங்கள்ல அதுல மாட்டினவங்களுக்கு கடைசி மாசங்கள்ல சாப்பாடு கிடைச்சதால குழந்தை நல்ல எடையிலதான் பிறந்துச்சு, ஆனாலும் பெரியவங்களானதும் அவங்களுக்கு இதய நோய் கூடுதலா இருந்துச்சு.

கேள்வி: 26 வாரம், டெஸ்ட்ல சுகர்னு வந்துடுச்சு. இன்சுலின் போட சொல்றாங்க. குழந்தை இதயத்துக்கு ஆகாதுன்னு பயமா இருக்கு அக்கா.

பதில்: நீ பயப்படுறது தப்பான ஆளைப் பாத்துடா. நீ போடுற இன்சுலின் நஞ்சுக்கொடியைத் தாண்டி சொல்லிக்கிற அளவுக்கு போறதில்ல, உன் ரத்தத்துல இருக்கற சர்க்கரைதான் தடையில்லாம போகுது. அது வந்து குவியறதைப் பாத்து குழந்தை தானே இன்சுலினை கூடுதலா சுரக்கும், கொழுப்பு சேரும், இதயச் சுவர்கூட தடிச்சுப் போகலாம், பிறந்த பிறகு அந்தத் தடிப்பு சில மாசத்துல சரியாயிடும், ஆனா வளந்த பிறகு எடையும் சுகரும் ஏற வாய்ப்பு இருக்கு, அந்த வழியாதான் இதயத்துக்குப் போய்ச் சேருது. அதனால ஊசியைப் போட்டு சர்க்கரையை அடக்கறதுதான் குழந்தைக்கு நல்லது.

இன்னொண்ணு, 24 வாரத்துக்கு மேல புதுசா வர்ற சுகரும் கர்ப்பமாகறதுக்கு முன்னாடியே இருந்த சுகரும் ஒண்ணு கிடையாது. கரு உருவாகி சுமார் 22ஆம் நாளே இதயம் துடிக்க ஆரம்பிச்சு, 8 வாரத்துக்குள்ள அறைகள் எல்லாம் பிரிஞ்சு முடிஞ்சிடும், நாள் தள்ளிப்போச்சேன்னு நாம யோசிக்கிறதுக்குள்ள பாதி வேலை முடிஞ்சிருக்கும்! அதனால பழைய சுகர் உள்ளவங்க குழந்தைக்கு முயற்சி பண்றதுக்கு முன்னாடியே கட்டுக்குள்ள கொண்டு வரணும், ஓட்டை மாதிரி பிறவிக் கோளாறு வர்ற வாய்ப்பு அவங்களுக்குத்தான் பல மடங்கு. கருவோட இதயத்துக்குன்னு எக்கோ ஸ்கேன் இருக்கு, கேட்டு எடுத்துக்கோங்க.

கேள்வி: எனக்கு ப்ரீஎக்ளாம்ப்சியா (கர்ப்பத்துல பிபி ஏறி ஆபத்தாகற நோய்) வந்து குழந்தையை சீக்கிரமே எடுத்துட்டாங்க. குழந்தைக்கும் பிபி வருமா?

பதில்: வந்தே தீரும்னு இல்ல. இந்த மாதிரி பிறந்த பிள்ளைங்களுக்கு மேல் அளவு பிபி சராசரியா 2 பாயின்ட் கூடுதலா இருக்கறதா பாத்திருக்காங்க, சின்ன வித்தியாசம்தான். எனக்கு குழந்தையை விட உங்க மேலதான் கவலை. பின்னாடி இதய நோய் வர்ற வாய்ப்பு உங்களுக்கு ஏறக்குறைய ரெண்டு மடங்கு, ஆனா பிரசவம் முடிஞ்சதும் அம்மாவை யாரும் திரும்பிப் பாக்கறதில்ல, வருஷத்துக்கு ஒரு தடவையாவது பிபி பாருங்க.

கேள்வி: இதெல்லாம் பஞ்ச காலத்து கணக்கு. இந்தக் காலத்துல யாராவது பாத்திருக்காங்களா?

பதில்: நல்ல கேள்வி. 2021ல ஒண்ணு வந்துச்சு, பல நாட்டுல 2302 அம்மா-பிள்ளை ஜோடி. 28 வாரம் வாக்குல அம்மாவோட எடை, பிபி, கொலஸ்ட்ரால், சுகர், புகைக்கிறாங்களான்னு குறிச்சு வச்சு, பிள்ளைக்கு 10-14 வயசாகும்போது திரும்பப் பாத்தாங்க. அம்மா நிலைமை எவ்வளவு மோசமோ பிள்ளைக்கும் அவ்வளவு மோசமாத்தான் இருந்துச்சு. ஆனா ஒரே வீடு ஒரே சாப்பாடு ஒரே ஜீன், இதுல கர்ப்பத்தோட பங்கு எவ்வளவுன்னு அது பிரிச்சு சொல்லல, அதனால பழியைத் தூக்கி அம்மா தலையில போடறவங்களை நான் ஒத்துக்க மாட்டேன்.

கேள்வி: நான் புகைக்க மாட்டேன், வீட்டுக்காரர்தான்...

பதில்: அவரை இதைப் படிக்கச் சொல்லுங்க. அந்தப் புகை உங்களுக்கும் வருது, குழந்தை எடையைக் குறைக்கும்.

கேள்வி: ரெண்டு பேருக்கு சேத்து சாப்பிடணுமா?

பதில்: வேண்டாம். முதல் மூணு மாசம் சாப்பாட்டு அளவைக் கூட்டவே தேவையில்ல.

கேள்வி: பையனுக்கு 8 வயசு. 2 கிலோதான் பிறந்தான், எனக்கு அப்ப பிபி. இப்ப போய் என்ன பண்றது?

பதில்: நிறையவே பண்ணலாம்மா. எடை குறைஞ்சு பிறந்த பிள்ளை அப்புறம் வேகமா குண்டாகறதுதான் ரொம்ப வம்பு, அதனால "பாவம் ஒல்லியா பிறந்தான்"னு ஊட்டி ஊட்டி வளக்காதீங்க, ஓடி விளையாட விடுங்க. வருஷா வருஷம் பிபி பாக்கச் சொல்லுங்க, சின்ன கைக்கு சின்ன பட்டைதான் கட்டணும், பெரியவங்க பட்டையைக் கட்டினா கணக்கு தப்பா வரும். பிறந்த எடை, எத்தனை வாரம், உங்க பிபி, இந்த மூணையும் ஒரு தாள்ல எழுதி அவன் ஃபைல்ல வையுங்க, நாளைக்கு எந்த டாக்டர்கிட்ட போனாலும் முதல்ல அதை எடுத்து நீட்டுங்க.

டோஸ் கேட்டிருந்த மூணு பேருக்கும் பதில் போடல, கோவிச்சுக்காதீங்க, உங்க டாக்டரைப் பாருங்க.