கொரோனா காலத்து கிசான் பணம் யாருக்குப் போனது? கேள்வி பதில்

வேளாண் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், இப்போது தாம்பரத்தில் இருக்கிறேன். ஊரில் நிலம், சென்னையில் குடித்தனம் என்று இருப்பவர்கள், விவசாயிகளுக்கு மத்திய அரசு பணம் தரும் பி.எம். கிசான் திட்டம் பற்றிக் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

அம்பத்தூர்: சார், 2020 ஏப்ரலில் அப்பா கணக்கில் 2,000 ரூபாய் ஏறியது. கொரோனாவுக்கென்று தனியாகக் கொடுத்ததா?

தனியாக இல்லைங்க. வருஷத்துக்கு 6,000, மூன்று தவணை. மார்ச் 26 அன்று நிதியமைச்சர் அறிவித்த தொகுப்பில், ஏப்ரல்-ஜூலை தவணையை ஏப்ரல் முதல் வாரமே போட்டுவிட்டார்கள், அவ்வளவுதான். எப்படியும் வர வேண்டிய பணத்துக்கு நிவாரணம் என்று பேர் வைத்தார்கள். ஊரடங்கில் அறுத்த காயை ஏற்ற வண்டி கிடைக்காமல் தவித்தவர்களுக்கு அது கைச்செலவுக்கு ஆனது, அதை மறுக்கமாட்டேன்.

வேளச்சேரி: நான் வருமான வரி கட்டுகிறேன். நிலம் அப்பா பேரில். அவர் வாங்கலாமா?

தாராளமாக. இந்தத் திட்டத்தில் குடும்பம் என்றால் கணவன், மனைவி, 18 வயது ஆகாத பிள்ளைகள் மட்டும்தான். ஆனால் அப்பாவே வரி கட்டினாலோ, மாதம் 10,000 ரூபாய்க்குக் குறையாமல் பென்ஷன் வாங்கினாலோ கிடையாது. கடைநிலை ஊழியராக இருந்து ஓய்வு பெற்றவருக்கு மட்டும் பென்ஷன் விஷயத்தில் விலக்கு உண்டு.

வியாசர்பாடி: அண்ணா, மாமா குத்தகைக்கு உழுகிறார், அவருக்கு?

வராது. பட்டா யார் பேரிலோ அவருக்குத்தான். சேற்றில் இறங்குகிறவருக்கு இல்லாமல் பட்டாவில் பேர் உள்ளவருக்குப் பணம், எனக்கு இதில் உடன்பாடே இல்லை.

மேடவாக்கம்: சார், 2020-ல் நிலமே இல்லாதவர்கள் பேரில் கிசான் பணம் எடுத்த மோசடி எப்படி நடந்தது? எங்கள் ஊர்ப் பட்டியலை நாங்கள் பார்க்க முடியுமா?

விவசாயி தானே பதிவு செய்யலாம் என்று இணையத்தைத் திறந்துவிட்டார்கள். ஒப்புதல் கொடுக்க வேண்டியது அதிகாரிகள். அவர்களுடைய பாஸ்வேர்டு தரகர்கள் கைக்கும் கம்ப்யூட்டர் சென்டர்களுக்கும் போய்விட்டது, அப்புறம் கேட்க வேண்டுமா, ஒரு சென்ட் நிலம் இல்லாதவரெல்லாம் ராத்திரியோடு ராத்திரியாக விவசாயி ஆகிவிட்டார். கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் என்று 13 மாவட்டங்கள், ஐந்தரை லட்சம் பேர் அளவில், 110 கோடி ரூபாய் என்று அப்போதைய வேளாண் செயலர் ககன்தீப் சிங் பேடி செப்டம்பரில் சொன்னார். சிபிசிஐடி விசாரணை, கைது, கணக்கிலிருந்து பணத்தைத் திரும்ப எடுப்பது எல்லாம் நடந்தது.

பட்டியல் ரகசியம் இல்லை. பி.எம். கிசான் தளத்தில் பயனாளிகள் பட்டியலுக்குப் போய் மாவட்டம், வட்டாரம், கிராமம் தேர்ந்தெடுத்தால் பேர்கள் வரும். ஆதாரோ வங்கிக் கணக்கோ இருக்காது, சர்வே எண்ணும் இருக்காது, அதுதான் கோளாறு. வெளியாள் பார்த்தால் வெறும் பேர்தான். ஊர்க்காரர் பார்த்தால் ‘இவன் யாருடா, நம்ம ஊரிலேயே இல்லையே’ என்று ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடுவார். பட்டியலைக் கிராம அளவில் வெளியிட வேண்டும் என்று விதியிலேயே இருக்கிறது. பஞ்சாயத்து அலுவலகச் சுவரில் ஒட்டி, கிராம சபையில் ஒருமுறை சத்தமாகப் படித்திருந்தால் பாதி பேர் பிடிபட்டிருப்பார்கள்.

குரோம்பேட்டை: ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு) போட்டால் ‘தனிநபர் தகவல்’ என்று திருப்பி அனுப்புகிறார்களே?

தனிநபர் தகவலைத் தர மறுக்கலாம் என்று சொல்வது ஆர்டிஐ சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவு. அதிலேயே இருந்த பொதுநலன் விலக்கை 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டம் எடுத்துவிட்டது, அதனால் இனி இந்தப் பதில் அதிகமாகத்தான் வரும். மேல்முறையீட்டில் இரண்டைக் குறிப்பிடுங்கள். மானியப் பயனாளிகள் விவரத்தைக் கேட்காமலே வெளியிட வேண்டும் என்று சொல்லும் 4(1)(பி), பொதுநலனுக்காகத் தரலாம் என்று சொல்லும் 8(2). ஆதார், கணக்கு எண் கேட்காதீர்கள். கிராமம் வாரியாகப் பேர், தவணை, தொகை, நீக்கப்பட்டவர்கள், திரும்ப வசூலித்தது, இவ்வளவு போதும். மனுவுக்கு 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள், அது தாண்டினால் முதல் மேல்முறையீட்டுக்கு இன்னொரு 30 நாள் அவகாசம்.