சூலாஜின் கறுப்பு – கடிதம்

அன்புள்ள ஐயா,

பிரான்ஸின் மோன்பெலியே நகரத்தில் முதுகலை படிக்கிறேன். போன வாரம் இங்குள்ள ஃபாப்ர் அருங்காட்சியகத்துக்குப் போயிருந்தேன். மற்ற கூடங்களில் நேரம் போனதே தெரியவில்லை. பியர் சூலாஜ் என்ற அரூப ஓவியருக்கென்றே ஒதுக்கிய கூடத்தில் மட்டும் இரண்டு நிமிடம்கூட நிற்க முடியவில்லை. ஆள் உயரத்துக்கு மேல் கித்தான்கள், அதில் வெறும் கறுப்பு. தலைப்பும் இல்லை, அளவும் தேதியும்தான். அவர் படம் ஒன்று 2021இல் நியூயார்க் ஏலத்தில் 2 கோடி டாலருக்கு மேல் போனது என்று படித்ததும் எரிச்சல் வந்துவிட்டது. ஒரு டப்பா கறுப்புப் பெயின்ட் இருந்தால் நானும் இதைச் செய்துவிடுவேனே? இதில் கலை எங்கே இருக்கிறது?

எம்.

அன்புள்ள எம்.,

ஏல விலையை முதலில் தள்ளிவைத்துவிடலாம். அந்த விலைக்குப் போனது 1961இல் வரைந்த படம். கறுப்புக்கு அடியிலிருந்து சிவப்பு எட்டிப்பார்க்கும் படம். நீங்கள் எரிச்சல்பட்ட முழுக்கறுப்பு பிறக்க அப்போது இன்னும் 18 ஆண்டுகள் இருந்தன.

1979 ஜனவரி. சூலாஜுக்கு 59 வயது. கித்தானில் கறுப்பைப் பூசுகிறார், வழிக்கிறார், மறுபடி பூசுகிறார். மணிக்கணக்காக இதே வேலை. படம் தேறுவதாக இல்லை, விட்டுவிடவும் மனம் வரவில்லை. களைத்துப்போய்க் கொஞ்சம் தூங்கிவிட்டு வந்து பார்க்கிறார். கித்தானைக் கறுப்பு முழுசாக மூடிவிட்டது. ஆனால் மேடுபள்ளங்களில் பட்டுத் திரும்பும் வெளிச்சம்தான் கண்ணில் படுகிறது. அன்றிலிருந்து, 2022இல் தன் 102ஆம் வயதில் இறக்கும்வரை, அந்த வெளிச்சத்தை வைத்துத்தான் அவர் வேலை செய்தார்.

நீங்கள் படத்துக்கு நேரெதிரே நின்றிருப்பீர்கள். எல்லோரும் அப்படித்தான் நிற்போம். அடுத்த முறை ஓரமாகப் போய், கித்தானைப் பக்கவாட்டில் பாருங்கள். அகலமான பிரஷ் இழுத்த தடம், உழுத வயல் மாதிரி வரிவரியாக எழும்பி நிற்கும். அதற்குப் பக்கத்திலேயே தகடு வைத்து மழமழவென்று வழித்த பட்டை. இரண்டிலும் ஒரே கறுப்புதான். ஆனால் நீங்கள் இரண்டடி நகர்ந்தால் வரிகள் வெள்ளியாக மின்னும், வழித்த இடம் இருண்டுபோகும். இன்னும் இரண்டடி போனால் அப்படியே தலைகீழாகும். பார்ப்பவர் நகராமல் இந்தப் படம் நடப்பதே இல்லை. இதனால்தான் சூலாஜ் தன் படங்களைச் சுவரிலிருந்து எடுத்து, கம்பியில் கட்டி, கூடத்தின் நடுவிலும் தொங்கவிட்டார். கைப்பேசியில் எடுத்த படத்தில் வெறும் கறுப்புச் சதுரம்தான் மிஞ்சும். தலைப்பு வைக்காததும் இதை ஒட்டியதுதான். பெயர் சொன்னால் நாம் அந்தப் பெயரைத் தேட ஆரம்பித்துவிடுவோம்.

டப்பா பெயின்ட் என்றீர்கள். அவரும் விலையுயர்ந்த வண்ணத்தில் ஆரம்பிக்கவில்லை. 1947இல் காகிதத்தில் வரைந்தது வால்நட் தோலின் பழுப்புச் சாயத்தால், மரவேலை செய்பவர்கள் மரத்துக்குப் பூசும் சாயம் அது. கையில் பிடித்தது, வீட்டுக்கு வெள்ளையடிப்பவர்களின் பட்டை பிரஷ். அப்பா ரோதெஸ் என்ற சிறு நகரத்தில் வண்டி செய்தவர். சின்ன வயதிலேயே அப்பாவை இழந்தாலும், தெருவிலிருந்த பட்டறைகளும் கருவிகளும் சூலாஜை விட்டுப் போகவில்லை. கடைசிவரை தன் கருவிகள் பலவற்றைத் தானே செய்துகொண்டார்.

உங்கள் ஊருக்கும் அவருக்கும் நெருக்கமான உறவு உண்டு. பாரிஸ் நுண்கலைப் பள்ளியில் இடம் கிடைத்தும், அங்கே சொல்லித்தருவது பிடிக்காமல் ஊர் திரும்பியவர், 1941இல் மோன்பெலியே கலைப் பள்ளியில் சேர்ந்தார். கொலெத்தைச் சந்தித்தது அங்கேதான். மறுவருடம் பக்கத்திலிருக்கும் செத் நகரத்தில், நள்ளிரவில், இருவரும் கறுப்பு உடையில் கல்யாணம் செய்துகொண்டார்கள். அது உலகப் போர்க் காலம். ஜெர்மனிக்குக் கட்டாய வேலைக்கு அனுப்பிவிடாமல் இருக்க, சூலாஜ் போலிக் காகிதங்களோடு திராட்சைத் தோட்டங்களில் வேலை செய்தார். நீங்கள் நின்ற கூடத்துக்கு ஆதாரம், அந்தத் தம்பதி 2005இல் கொடையாகக் கொடுத்த படங்கள்.

எல்லாப் படங்களும் எனக்கு ஒன்றுபோல் பிடிக்கும் என்று சொல்லமாட்டேன். பல கித்தான்களைச் சேர்த்துச் செய்த பிரம்மாண்டமான படங்களில் சிலவற்றிடம் எனக்கு ஒட்டுதல் வரவில்லை. என் கணக்கில் அவருடைய உச்சம் கோங்க் ஊரின் தேவாலயம். ஓவியனாவது என்று சிறுவயதில் முடிவெடுத்ததே அந்தக் கட்டடத்துக்குள்தான் என்பார். அதற்கே 1987 முதல் 1994 வரை 104 ஜன்னல்கள் செய்தார். நிறமே இல்லாத கண்ணாடி. அதற்காக எத்தனையோ சோதனைகள் செய்தார்கள். வெவ்வேறு பருமனில் கண்ணாடித் துணுக்குகளைச் சேர்த்து உருக்கியதால், வெளிச்சம் உள்ளே வரும், வெளியே இருப்பது தெரியாது. குறுக்கே சாய்ந்து வளையும் ஈயக் கோடுகள் மட்டும். பொழுது மாற மாற அதே கண்ணாடியில் நீலமும் இளஞ்சிவப்பும் வந்து போகும். ஓவியர் ஒரு துளி நிறமும் சேர்க்கவில்லை. கறுப்பால் செய்ததையே வெள்ளைக் கண்ணாடியாலும் செய்தார் என்று நான் நினைக்கிறேன். கோங்கைத் தெரிந்துகொண்டபின் அந்தக் கறுப்புப் படங்களை ஏமாற்று வேலை என்று என்னால் நினைக்கவே முடியவில்லை.

ஃபாப்ர் கூடத்தில் பகல் வெளிச்சம் விழும். வெயில் அடிக்கும் நாளில் ஒரு முறையும் மேகம் போட்ட நாளில் ஒரு முறையும் போய்வாருங்கள். ஒரே படத்தின் முன்னால் கால் மணி நேரம் நடந்து பாருங்கள். லீவு கிடைத்தால் ரோதெஸுக்கும் போகலாம். அவர் பெயரில் 2014இல் திறந்த அருங்காட்சியகத்தில் அந்த ஜன்னல்களுக்காக வரைந்த முழு அளவு வரைபடங்களும் இருக்கின்றன. அங்கிருந்து கோங்க் ஏறத்தாழ 40 கிலோமீட்டர். அதற்குப் பிறகும் பிடிக்கவில்லை என்றால் மறுபடி எழுதுங்கள். எந்தப் படம், எங்கே நின்று பார்த்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள், பேசலாம்.

அன்புடன்