தென்னாப்பிரிக்காவில் ஹாரிஸ்மித் பக்கம் குடிவரும் தம்பிக்கு

தம்பி, ஏப்ரலில் ஸ்டெர்க்ஃபொன்டைன் அணைப் பக்கம் வேலையில் சேர்கிறேன், ஜூனில் மனைவியும் மூன்று வயது மகளும் வருகிறார்கள், அங்கே பனி கொட்டுமாமே, பிள்ளை தாங்குவாளா, ஊரிலிருந்து என்ன வாங்கி வரட்டும் என்று கேட்டிருந்தீர்கள். நான் அந்த அணையின் ஏரியிலிருந்து இருபது நிமிடத் தூரத்தில் பதினாறு வருடமாகக் குடியிருக்கிறேன். பிள்ளை நன்றாகவே தாங்குவாள். வானத்திலிருந்து விழுகிற பனியைவிட வீட்டுக்குள் இருக்கிற குளிரைத்தான் நீங்கள் முதலில் கவனிக்க வேண்டும்.

பனி என்ற ஒரே சொல்லில் நாம் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறோம், அதில்தான் குழப்பம். மே கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை விடியற்காலையில் நீங்கள் அடிக்கடி பார்க்கப்போவது உறைபனி. புல்லெல்லாம் உப்புத் தூவினாற்போல் வெளுத்திருக்கும், வெயில் ஏறியதும் போய்விடும். இங்கே மழை பெய்வது கோடையில், குளிர்காலம் காய்ந்த காலம். பகலில் வெயிலில் நின்றால் ஸ்வெட்டர் வேண்டாம், ராத்திரி பூஜ்யத்துக்குக் கீழே போகும். நம் ஊட்டியைவிட உயரம் குறைவுதான், ஆனால் நிலநடுக்கோட்டிலிருந்து 28 டிகிரி தெற்கே இருக்கிறோம். கொட்டுகிற பனிக்குக் குளிர் மட்டும் போதாது, ஈரமும் வேண்டும். தெற்கிலிருந்து வரும் கடுங்குளிர்க் காற்று மேலே தனியாகக் கழன்று நிற்கும்போது இந்தியப் பெருங்கடலின் ஈரமும் வந்து சேர்ந்தால்தான் கொட்டும். சில வருடம் டிராகன்ஸ்பர்க் மலை உச்சியில் மட்டும் வெள்ளை தெரியும், ஊருக்குள் ஒன்றும் விழாது. ஏரியும் உறையாது, அவ்வளவு பெரிய தண்ணீர். ஓரத்துக் குட்டைகளில் காலையில் கண்ணாடி மாதிரி ஒரு ஏடு கட்டும், அவ்வளவுதான்.

ஆனால் விழும்போது விழும். 2024 செப்டம்பர் 20, வெள்ளிக்கிழமை. குளிர் முடிந்தது என்று நாங்கள் கம்பளியைத் துவைத்து மடித்து வைத்துவிட்டோம். சாயங்காலம் மழையாக ஆரம்பித்து இருட்டுவதற்குள் பனியாக மாறியது. ஜோஹன்னஸ்பர்க்கையும் டர்பனையும் இணைக்கிற என்3 நெடுஞ்சாலை வான் ரீனன் கணவாயில் அடைபட்டது, லாரிகள் குறுக்கே சறுக்கி நிற்க, பின்னால் கார்கள் மைல் கணக்கில் நின்றன. டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்துகொண்டிருந்த ஒரு குடும்பம், இரண்டு சின்னப் பிள்ளைகளோடு, அந்த வரிசையில் மறுநாள் மத்தியானம் வரை மாட்டிக்கொண்டது. காரில் கால் டேங்க் பெட்ரோல், ஒரு பாட்டில் தண்ணீர், ஒரு பாக்கெட் பிஸ்கட். பக்கத்து லாரிக்காரர் ஒரு கம்பளி கொடுத்ததால் பிள்ளைகள் தூங்கினார்கள். அந்த அம்மா ராத்திரி முழுக்கப் போன் பண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தார், ஆனால் எட்டு மணிக்கு மேல் லைனே கிடைக்கவில்லை, நானும் என் மனைவியும் விடியும் வரை உட்கார்ந்தே இருந்தோம். அன்று குளிரில் உயிர் போனவர்களும் உண்டு தம்பி. இந்த நாட்டுக் கார்களில் பனிக்கான டயர் கிடையாது, ரோட்டில் உப்புப் போடுகிற வழக்கமும் பெரிதாக இல்லை. அதனால் வானிலை எச்சரிக்கை வந்துவிட்டால் கணவாய் ஏறாதீர்கள், எந்த விசேஷமானாலும் சரி. டர்பன்காரர்கள் பிள்ளைகளுக்குப் பனி காட்டவேண்டுமென்று அந்த நேரம் பார்த்துக் கிளம்பி வருவார்கள், எனக்கு அது அறவே பிடிக்காது.

எங்கள் வீட்டில் நான்கு நாள் கரண்ட் இல்லை. ஈரப்பனியின் கனத்தில் மரம் சாய்ந்து கம்பி அறுந்துவிட்டது. இப்போது வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். ஐரோப்பாபோல இங்கே வீடு முழுக்கச் சூடாக்கும் ஏற்பாடு கிடையாது. ஒற்றைக் கண்ணாடி ஜன்னல், தகரக் கூரை, சிமெண்ட் தரை. ஜூலையில் வெளியே வெயிலில் இருப்பதைவிட உள்ளே குளிரும். வாடகைக்கு வீடு பார்க்கும்போது வாஸ்துவை விடுங்கள், படுக்கையறையின் ஜன்னல் வடக்குப் பார்த்திருக்கிறதா பாருங்கள், நம் நாட்டுக்கு நேர்மாறாகக் குளிர்காலச் சூரியன் இங்கே வடக்கில் நிற்கும். 9 கிலோ சிலிண்டர் மாட்டுகிற காஸ் ஹீட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள், கரண்ட் போனாலும் எரியும். ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்கள், தூங்குமுன் அணைத்துவிடுங்கள். கரி அடுப்பை அறைக்குள் வைத்துக் கதவை மூடவே கூடாது. வாசனையே இல்லாத கார்பன் மோனாக்சைடு தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். ஒவ்வொரு குளிர்காலமும் இந்த நாட்டில் இப்படிக் குடும்பமாக இறந்துபோகிறார்கள், பிள்ளை இருக்கிற வீடென்பதால் திரும்பச் சொல்கிறேன்.

காலையில் கார் கண்ணாடியில் ஐஸ் பிடித்திருந்தால் வெந்நீர் ஊற்றாதீர்கள், முதல் வருடம் நான் ஊற்றி முழுக் கண்ணாடியும் விரிசல் விட்டது. வெளிச்சுவரில் ஓடும் தண்ணீர்க் குழாய்க்குத் துணி சுற்றுங்கள்.

சாமான் பற்றி. இது ஃப்ரீ ஸ்டேட் மாகாணம், 1891-ல் போட்ட சட்டத்தால் இந்தியர் இங்கே குடியிருக்கவே முடியாமல் இருந்தது, 1986-ல்தான் அந்தத் தடை நீங்கியது. அதனால் நம் ஆட்கள் இங்கே மிகக் குறைவு, கோயிலும் மளிகையும் வேண்டுமென்றால் கணவாய் இறங்கி லேடிஸ்மித் போகவேண்டும். கணவாய் மூடினால் அதுவும் இல்லை. மே மாதமே அரிசி, பருப்பு, புளி, பிள்ளைக்கு மருந்து எல்லாம் இரண்டு வாரத்துக்குக் கையிருப்பு வைத்துக்கொள்ளுங்கள். இட்லி மாவு ஜூலையில் வெளியே வைத்தால் பொங்காது, கீசர் இருக்கும் அலமாரிக்குள் வையுங்கள்.

ஊரிலிருந்து கனமான கோட்டெல்லாம் தூக்கி வராதீர்கள், இங்கே பசோதோ இன மக்கள் போர்த்துகிற கம்பளி கிடைக்கும், அதற்கு ஈடாக நான் எதையும் பார்த்ததில்லை. பிள்ளைக்கு உள்ளே போடுகிற தெர்மல் நாலு செட், காதை மூடுகிற தொப்பி, தேங்காய் எண்ணெய் போதும், தோல் இங்கே ரொம்ப வெடிக்கும். விமானம் இறங்கும் நேரம் சாயங்காலமாக இருந்தால் அன்றே கிளம்பாமல் ஜோஹன்னஸ்பர்க்கில் ஒரு ராத்திரி தங்கிக் காலையில் வண்டியை எடுங்கள். வீட்டு விலாசம் முடிவானதும் எழுதுங்கள், ஜன்னல் எந்தப் பக்கம் என்று நானே போய்ப் பார்த்துவிடுகிறேன்.