டாக்டரிடம் கேளுங்கள்: அப்பா ஃப்ளூ ஊசி வேண்டாம் என்கிறார்

கேள்வி: அப்பாவுக்கு 72 வயது. சர்க்கரை, பி.பி. இரண்டும் உண்டு. போன மழைக்காலத்தில் ஃப்ளூ வந்து, நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். தடுப்பூசி போடலாம் என்றால், “அந்த ஊசி போட்டுத்தான் பக்கத்து வீட்டுக்காரர் காய்ச்சலில் படுத்தார்” என்று மறுக்கிறார். எப்படிச் சம்மதிக்க வைப்பது?
– வாசகி, திருச்சி

பதில்: அவரிடம் வாதாடாதீர்கள், அவர் சொல்வதை ஒரேயடியாகத் தள்ளவும் முடியாது. ஊசி போட்டால் கை வலிக்கும், சிலருக்கு உடம்பு லேசாகச் சுடும், ஓரிரு நாளில் சரியாகிவிடும். ஆனால் கையில் போடும் ஃப்ளூ ஊசியில் உயிருள்ள வைரஸ் கிடையாது, அதனால் அந்த ஊசியால் ஃப்ளூ வரவே வராது. பக்கத்து வீட்டுக்காரருக்கு வந்தது வேறு சளிக்காய்ச்சலாக இருக்கலாம்; இல்லை, ஊசி வேலை செய்ய இரண்டு வாரம் ஆகுமே, அதற்குள் ஃப்ளூவே தொற்றியிருக்கலாம்.

அப்பாவிடம் இதயத்தைப் பற்றிப் பேசுங்கள். ஃப்ளூ உறுதியான முதல் வாரத்தில் மாரடைப்பு ஆபத்து சுமார் 6 மடங்கு கூடுவதாகக் கனடாவில் நடந்த ஓர் ஆய்வு 2018-இல் சொன்னது. டென்மார்க்கில் 2022-இல் 65 வயது தாண்டியவர்களுக்கு விதவிதமாக எழுதிய கடிதங்களை அனுப்பிப் பார்த்தார்கள். ஊசி இதயத்துக்கும் நல்லது என்று சொன்ன கடிதமும், இரண்டாம் முறை வந்த நினைவூட்டலும்தான் கொஞ்சம் கூடுதலான பேரை ஊசி போட வைத்தன. வித்தியாசம் சிறியதுதான், ஆனாலும் விடாமல் சொல்வதில் பலன் இருக்கிறது.

பிள்ளைகள் பத்துத் தடவை சொல்வதைவிட, வழக்கமாகச் சர்க்கரைக்குப் பார்க்கும் டாக்டர் ஒரு தடவை சொன்னால் பெரியவர்கள் கேட்டுக்கொள்வார்கள். எங்கள் பக்கம்தான் பெரிய குறை என்பேன்: சுகர் ரிப்போர்ட்டைப் பார்த்து, மாத்திரையை மாற்றி எழுதி அனுப்பிவிடுகிறோம், ஊசி பேச்சே வருவதில்லை. குழந்தைக்கு அட்டை போட்டுத் தேதி சொல்லி ஊசி போடும் நாட்டில், பெரியவர்களுக்கான ஃப்ளூ ஊசி தேசிய அட்டவணையிலேயே இல்லை, பெரும்பாலும் கைக்காசு போட்டுத்தான் போட வேண்டியிருக்கிறது. இது மாறியே ஆக வேண்டும். அதுவரை நீங்களே அடுத்த செக்கப்பில், சீட்டு எழுதும் முன்பே கேட்டுவிடுங்கள். முட்டை அலர்ஜியோ, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரையோ இருந்தால் அதையும் சொல்லுங்கள், பெரும்பாலும் அவை தடையில்லை.

நம் ஊரில் வடகிழக்குப் பருவமழையோடு ஃப்ளூ கூடும், எனவே செப்டம்பருக்குள் போடுவது நல்லது. வயதானவர்களுக்கு இது முழுப் பாதுகாப்பு தராது, ஆனால் ஆஸ்பத்திரி வரை போகிற ஆபத்தைக் குறைக்கும். வைரஸ் மாறிக்கொண்டே இருப்பதால் வருடா வருடம் போட வேண்டும். அப்புறம், மெடிக்கலில் வாங்கிப் பையில் போட்டு வெயிலில் கொண்டு போகாதீர்கள். ஃப்ரிட்ஜில் வைத்திருக்கும் கிளினிக்கிலேயே போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.