திருவிழாவுக்கு வருகிறார்கள், கூட்டத்துக்கு வருவதில்லை

கேள்வி: குமரி மாவட்டத்தில் ஒரு கடற்கரைக் கத்தோலிக்கப் பங்கில் இளையோர் இயக்கப் பொறுப்பாளராக இருக்கிறேன். வயது 27, பகலில் அலுவலக வேலை. திருவிழா வந்தால் நாற்பது பேர் நிற்கிறார்கள். ஞாயிறு பூசை முடிந்து கூட்டம் போட்டால் ஏழெட்டுப் பேர்தான். புதிதாக வந்த பங்குத்தந்தை ‘இளைஞர்கள் எங்கே?’ என்று பிரசங்கத்திலேயே கேட்டுவிட்டார். இரவு பதினொரு மணிக்கும் பிள்ளைகள் வாட்ஸ்அப்பில் வருகிறார்கள். போன வாரம் ஒரு பிளஸ் ஒன் மாணவி, கையைக் கீறிக்கொள்வதாகச் சொன்னாள். யாரிடமும் சொல்லக்கூடாதாம். பொறுப்பை விட்டுவிடலாமா அக்கா?

பதில்: அன்புத் தங்கைக்கு,

முதலில் அந்தப் பெண். மற்றதெல்லாம் அப்புறம்.

பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை வெளியே சொல்லக்கூடாது என்ற ஒப்புரவு அருட்சாதன இரகசியம் குருவைக் கட்டுப்படுத்துவது. உங்களுக்கு அது இல்லை. “உனக்குத் தெரியாமல் எதுவும் செய்ய மாட்டேன், ஆனால் இதை நாம் இரண்டு பேர் மட்டும் வைத்துக்கொள்ள முடியாது” என்று அவளிடம் நேராகச் சொல்லுங்கள். வீட்டில் யாரை நம்புகிறாள் என்று கேட்டு, அவரிடம் கூடவே போங்கள். மருத்துவரிடம் போகும் வரைக்கும் துணை நில்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில், அதாவது அரசின் மனநல உதவி எண்ணில், எந்த நேரமும் தமிழில் பேசலாம். யாராவது அவளைப் பாலியல் ரீதியாகத் துன்புறுத்தியிருப்பது தெரிந்தால், துருவித் துருவி விசாரிக்க வேண்டாம். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012 போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டியது உங்கள் கடமை, குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐயும் அழைக்கலாம். சம்பந்தப்பட்டவர் ஊரில் எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும், கோயில் ஆளாகவே இருந்தாலும் சரி.

இனி கூட்டம். திருவிழாவுக்கு வரும் நாற்பது பேர் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். ஒருவன் சீரியல் லைட் கட்டுகிறான், ஒருவன் மைக் செட்காரரிடம் பேரம் பேசுகிறான், சப்பரம் ஜோடிக்க நாலு பேர் விடிய விடிய முழித்திருக்கிறார்கள். அங்கே அவர்கள் இல்லாமல் வேலை நடக்காது. ஞாயிற்றுக்கிழமையோ பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பேச்சுக் கேட்கிறார்கள், அவ்வளவுதான். பக்தி குறைந்துவிட்டது என்ற புலம்பலை நான் ஏற்கவே மாட்டேன். 2018-ல் இளையோருக்கென்றே உலக ஆயர்களின் மாமன்றம் ரோமில் கூடியது. அடுத்த ஆண்டு திருத்தந்தை பிரான்சிஸ் ‘கிறிஸ்து வாழ்கிறார்’ என்ற ஏட்டை எழுதினார். இளையோர் பணியை நடத்த வேண்டியவர்கள் இளையோரே என்பது அதில் அழுத்தமாக இருக்கிறது. கூட்டத்தில் என்ன பேசுவது என்பதை அந்த ஏழெட்டுப் பேரே முடிவு செய்யட்டும். சொதப்பினாலும் குறுக்கே போகாதீர்கள்.

ஞாயிறு உங்கள் ஊரில் கடலுக்குப் போகாத நாள். சாயங்காலம் பையன்கள் மணலில் பந்து விளையாடுவார்கள். கூட்டத்துக்கு அழைக்காமல், சும்மா போய் நில்லுங்கள். ஏழைப் பிள்ளைகளுக்காக உழைத்த புனித குரு தொன் போஸ்கோ இத்தாலியின் தூரின் நகரத்தில் பிள்ளைகளைச் சேர்த்தது பாதி விளையாட்டுத் திடலில்தான். யார் வளைகுடா விசாவுக்கு அலைகிறான், யார் வீட்டில் கடன் நெருக்குகிறது என்பதெல்லாம் அங்கே காதில் விழும்.

பாதர் பிரசங்கத்தில் கேட்டது உங்களுக்கு வலித்திருக்கும். ஆனாலும் அவர் ஊருக்குப் புதியவர். தனியே போய்ப் பார்த்து, திருவிழாவுக்கு உழைத்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். பங்குப் பேரவையில் இளையோருக்கு இரண்டு இடம், சாயங்காலங்களில் ஓர் அறையின் சாவி, இரண்டையும் கேளுங்கள்.

வாட்ஸ்அப்புக்கு இரவு ஒன்பது மணியோடு கதவடையுங்கள். உயிர் போகிற அவசரமென்றால் போன் செய்யச் சொல்லுங்கள். பள்ளிப் பிள்ளைகளோடு தனித்தனியாக வேண்டாம். இன்னொரு பெரியவரும் இருக்கும் குழுவில் பேசுங்கள். அது அவர்களுக்கும் பாதுகாப்பு, உங்களுக்கும் பாதுகாப்பு.

விட்டுவிடலாமா என்றால், கோபத்தில் இந்த மாதம் விட வேண்டாம். அடுத்த திருவிழா வரைக்கும்தான் என்று பாதரிடம் இப்போதே சொல்லிவிட்டு, அந்த ஏழெட்டுப் பேரில் இரண்டு பேரை உங்களோடு சேர்த்துக்கொள்ளுங்கள். கணக்கு நோட்டை முதலில் அவர்களிடம் கொடுங்கள்.